தெருவிளக்கு வளையமும் வெள்ளித் துகளும்: எக்ஸ்ரே சிதறலைப் பிரவுசரில் படிப்பது

தீபாவளி விடுமுறைக்கு அக்கா மகள் குன்னூர் வந்தபோது முறுக்கு டப்பாவோடு ஒரு பென்டிரைவையும் கொண்டுவந்தாள். கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். யூகலிப்டஸ் இலையைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் வெள்ளி நைட்ரேட்டைக் கலந்து, வெள்ளி நானோ துகள் செய்வதுதான் புராஜெக்ட். தமிழ்நாட்டில் இதற்குத் தப்பித்த இலை ஒன்றுமில்லை என்று நான் கிண்டல் செய்வதுண்டு. துகளை வேறொரு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பி எக்ஸ்ரேயில் அளந்து வாங்கியிருந்தாள். வந்த ஃபைலை வைத்து என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை. கல்லூரி லேப் கம்ப்யூட்டரில் புது சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டுமானால் அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அது தெரிந்தவர் மாற்றலாகிப் போய் ஒரு வருடம் ஆகிறது.

"மாமா, இதுல மூணு வரிசை நம்பர் மட்டும்தான் இருக்கு. படமே இல்ல."

"படம்தான் இது. வேற மாதிரி மடிச்சு வச்சிருக்காங்க."

எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பிரவுசரிலேயே அதைப் பிரித்துப் பார்த்தோம். நான் கொஞ்ச காலம் சிதறல் கருவி ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். அந்தப் பழக்கத்தில் மூன்று நாள் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்கு வரும், ஆனால் கால்குலேட்டரைத் தாண்டிய கணக்கு இல்லை.

மூடுபனிக்குள் ஒரு விளக்கு

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கே மூடுபனி இறங்கிவிட்டது. எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிர் மேட்டில் ஒரு தெருவிளக்கு தெரியும். பனி மெல்லிசாக இருக்கும் நாளில் அதைச் சுற்றி ஒளி வளையம் கட்டும். மலையில் வளர்ந்த எல்லோரும் பார்த்ததுதான்.

விளக்கிலிருந்து நேராக வரும் ஒளியோடு, வழியில் மிதக்கும் நீர்த்துளிகளில் பட்டுச் சற்றே விலகிய ஒளியும் நம் கண்ணுக்கு வருகிறது. துளியின் இந்த ஓரத்தைத் தொட்டு வந்த அலையும் அந்த ஓரத்தைத் தொட்டு வந்த அலையும் சில கோணங்களில் ஒன்றுக்கொன்று தோள் கொடுக்கும், சில கோணங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். தோள் கொடுத்த இடத்தில் வெளிச்சம், அழிந்த இடத்தில் இருட்டு. வளையம் உண்டாவது இப்படித்தான்.

துளி சிறிதானால் வளையம் பெரிதாகும். துளி பெருத்தால் வளையம் சுருங்கி விளக்கோடு ஒட்டிக்கொள்ளும். பல அளவுத் துளிகள் கலந்து கிடந்தால் வளையத்தின்மேல் வளையம் விழுந்து, கடைசியில் வெறும் மங்கலான ஒளிதான் மிஞ்சும். இந்த மூன்றும் பிடிபட்டுவிட்டால் எக்ஸ்ரே சிதறலில் பாதி முடிந்தது. துளியை யாரும் பார்க்கவில்லை, அதன்மேல் ஸ்கேல் வைக்கவும் இல்லை. வளையம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்த்து, அதைத் தலைகீழாக்கித் துளியின் அளவைச் சொல்கிறோம்.

கணக்கையும் போட்டுவிடலாம். விளக்கொளியின் அலைநீளம் ஏறக்குறைய 0.0005 மில்லிமீட்டர். பனித்துளி 0.01 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துளி, அலையைவிட 20 மடங்கு பெரிது. வளையம் சில டிகிரி விரிகிறது. இப்போது துளி இருந்த இடத்தில் 10 நானோமீட்டர் வெள்ளித் துகளை வையுங்கள். நானோமீட்டர் என்றால் மில்லிமீட்டரைப் பத்து லட்சமாக வெட்டியதில் ஒரு துண்டு. விளக்கொளி அலை இந்தத் துகளைவிட 50 மடங்கு நீளம். அதனிடம் துகளின் அளவைக் கேட்டுப் பயனில்லை. குட்டையான அலை வேண்டும். செம்பு இலக்கு உள்ள எக்ஸ்ரே குழாயிலிருந்து வரும் அலை 0.154 நானோமீட்டர். அதைவிடத் துகள் 65 மடங்கு பெரிது. பனியில் 20, இங்கே 65. ஆகவே வளையம் இன்னும் ஒடுங்கி, முதல் இருட்டு வளையம் நேர்க்கதிரிலிருந்து ஒன்றேகால் டிகிரியில் விழும். சிதறிய கதிரைப் பிடிக்கும் டிடெக்டரை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால்கூட அது மையத்திலிருந்து 22 மில்லிமீட்டர்தான்.

இவ்வளவு சிறிய கோணத்தில் நடப்பதால் இதற்குச் சிறுகோண எக்ஸ்ரே சிதறல் என்று பெயர். ஆய்வகத்தில் யாரும் அப்படி நீட்டிச் சொல்ல மாட்டார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'சாக்ஸ்' என்பார்கள். ஊட்டிக் குளிருக்குக் காலில் போடுகிற சாக்ஸ் இல்லை இது.

பெரிய கோணத்தில் பார்த்தால்

அதே துகள், அதே கதிர். டிடெக்டரை மட்டும் பெரிய கோணத்துக்கு நகர்த்தினால் வேறு கதை வரும். கல்லூரிகளில் எக்ஸ்.ஆர்.டி. என்று சொல்வது இதைத்தான். பெரிய கோணம் என்றால் சிறிய அளவு என்ற அதே தலைகீழ் விதிதான். சாக்ஸ் துகளின் உடம்பைப் பார்க்கிறது, எக்ஸ்.ஆர்.டி. துகளுக்குள் அணுக்கள் அடுக்கியிருக்கும் வரிசையைப் பார்க்கிறது.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் பஸ்ஸில் பைன் தோப்பைத் தாண்டும்போது கவனித்துப் பாருங்கள். மரங்கள் கலைந்து நிற்பதுபோல இருக்கும். பஸ் வளைவில் திரும்பும் ஒரு நொடியில் சட்டென்று வரிசை திறந்து, தோப்பின் அந்தக் கோடிவரை பார்வை ஓடும். அடுத்த நொடி மூடிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் திரும்பினால் வேறொரு வரிசை திறக்கும். தோப்பில் நடப்பது வெறும் பார்வைக்கோணம், படிகத்தில் நடப்பது அலைகளின் கூட்டல், இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஒழுங்காக நட்ட கூட்டம் சில குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் தன்னைக் காட்டும் என்பது இரண்டுக்கும் பொது. வெள்ளிக்கு அந்தக் கோணங்கள் செம்புக் கதிரில் 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரி. இந்த நான்கு பீக்கும் (கிராஃபில் எழும் உச்சிகள்) வந்துவிட்டால் செய்தது வெள்ளிதான். முதல் பீக்கைத் தருவது 0.236 நானோமீட்டர் இடைவெளியில் உள்ள அணு வரிசைகள்.

எங்கள் வாசல் செம்மண்ணைப் பொடித்து வைத்தாலும் இப்படியே பெயர் சொல்லிவிடும். நீலகிரி மண்ணில் கயோலினைட் என்ற களிமண் கனிமம் இருக்கிறது, 12.4 டிகிரியில் தலை நீட்டும். கிப்சைட் 18.3-இல் வரும். குவார்ட்ஸ் 26.6-இல். யாருடைய பீக் எங்கே வரும் என்ற பட்டியலுக்கு 2003-இல் தொடங்கிய திறந்த படிகத் தரவுத்தளம் ஒன்று இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதிலிருந்து ஒரு கனிமத்தின் கட்டமைப்பை எடுத்து, பிரவுசரிலேயே நம் கிராஃபின் மேல் வைத்துப் பார்க்கலாம்.

பீக் எந்த இடத்தில் வருகிறது என்பது பொருளைச் சொன்னால், பீக் எவ்வளவு தடியாக இருக்கிறது என்பது படிகத்தின் அளவைச் சொல்லும். படிகம் சிறுத்தால் பீக் தடிக்கும். 1918-இல் ஷெரர் சொன்ன கணக்கு இது. அலைநீளத்தை 0.9-ஆல் பெருக்கி, பீக்கின் பாதி உயரத்து அகலத்தாலும் (ரேடியனில்) பாதிக் கோணத்தின் கொசைனாலும் வகுக்க வேண்டும். அக்கா மகளின் 38.1 டிகிரி பீக் 0.8 டிகிரி அகலம் இருந்தது. போட்டுப் பார்த்தால் 10.5 நானோமீட்டர். இதில் கருவி தானாகச் சேர்க்கும் தடிமனைக் கழிக்கவில்லை, கழித்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சண்டை வரப்போகிறது.

அப்பா பூசிய ஃபிலிம்

என் அப்பா ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த தொழிற்சாலை. நாடெங்கும் மருத்துவமனைகளுக்குப் போன எக்ஸ்ரே ஃபிலிமை அங்கே பூசினார்கள். ஜெலட்டினில் வெள்ளி உப்பின் நுண்படிகங்களைக் கலந்து, பிளாஸ்டிக் தாளின் இரண்டு பக்கமும் பூச வேண்டும், அதுவும் இருட்டில். தொழிற்சாலை மூடிப் பல வருடமாகிறது. பஸ் நிறுத்தத்துக்கு இன்னும் எச்.பி.எஃப். என்றுதான் டிக்கெட் கேட்கிறோம்.

அப்பாவை இங்கே இழுத்துவந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததிலிருந்து பல பத்தாண்டுகள் எக்ஸ்ரேயின் கண், நினைவு எல்லாமே பெரும்பாலும் இந்த வெள்ளிப் பூச்சுதான். 1912-இல் படிகத்திலிருந்து முதல் சிதறல் புள்ளிகளை லாவேயின் குழு பிடித்தது போட்டோத் தகட்டில். 1930-களின் கடைசியில் ஆந்த்ரே கினியே சிறுகோணச் சிதறலுக்கு வழி போட்டதும் ஃபிலிமை வைத்துத்தான். 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கு என்று சொன்னது எக்ஸ்ரே படத்தை அலசித்தான். அந்தக் கொலாஜனைக் காய்ச்சினால் வருவதுதான் ஜெலட்டின். ஃபிலிமில் பூசும் அதே ஜெலட்டின். அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஃபிலிமில் வளையம் எவ்வளவு கறுத்திருக்கிறது என்று புள்ளி புள்ளியாக அளந்து நோட்டில் எழுதுவார்கள். இப்போது டிடெக்டரே எண்களாகக் கொடுக்கிறது. பல ஆய்வகங்களில் இருக்கும் ஒரு வகை டிடெக்டரில் 0.172 மில்லிமீட்டர் சதுரங்களாக ஏறக்குறைய பத்து லட்சம் கட்டங்கள். ஒவ்வொன்றும் தன்மேல் விழுந்த எக்ஸ்ரே ஃபோட்டான்களை எண்ணும். பத்து லட்சம் எண்ணை நோட்டில் எழுத முடியாது. சாஃப்ட்வேர் வேண்டியிருப்பது இங்கேதான்.

வளையத்தைக் கோடாக்குவது

சாஃப்ட்வேரின் முதல் வேலை மடிப்பது. டிடெக்டர் படத்தில் வளையம் வட்டமாக இருக்கிறது. மையத்திலிருந்து ஒரே தூரத்தில் உள்ள கட்டங்கள் எல்லாம் ஒரே சேதியைச் சொல்வதால், அவற்றைக் கூட்டிச் சராசரி எடுத்து ஒரே புள்ளியாக்கலாம். மையத்திலிருந்து வெளிப்பக்கம் இப்படியே போனால் பத்து லட்சம் கட்டம் சில நூறு புள்ளிகள் கொண்ட கோடாகிவிடும். பென்டிரைவில் வந்த மூன்று வரிசை அதுதான்: முதல் வரிசை க்யூ, இரண்டாவது செறிவு (அந்த இடத்தில் எவ்வளவு எக்ஸ்ரே விழுந்தது என்பது), மூன்றாவது அந்தச் செறிவில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பது.

க்யூ என்பது கோணத்துக்குப் போட்ட பொதுவான வேஷம். கோணத்தை அப்படியே எழுதினால், எலக்ட்ரான்களை வளையத்தில் சுழலவிட்டு எக்ஸ்ரே எடுக்கும் இந்தூரின் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் ஓர் அலைநீளத்தில் அளந்ததையும் கல்லூரிக் கருவியில் வேறோர் அலைநீளத்தில் அளந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. கோணத்தில் பாதியின் சைனை 12.57-ஆல் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் க்யூ. யார் எங்கே அளந்தாலும் ஒரே துகளுக்கு ஒரே க்யூவில்தான் வளையம் வரும். 6.28-ஐ க்யூவால் வகுத்தால், அந்த இடம் எவ்வளவு நீளத்தைப் பற்றிப் பேசுகிறது என்று தோராயமாகத் தெரியும்.

புதிதாக வருபவர்களில் பாதிப்பேர் விழும் குழி இங்கே இருக்கிறது. சில ஆய்வகங்கள் க்யூவை நானோமீட்டர் கணக்கிலும் சில ஆங்ஸ்ட்ராம் கணக்கிலும் கொடுக்கும். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். ஆங்ஸ்ட்ராம் கணக்கில் 0.1 என்பது நானோமீட்டர் கணக்கில் 1. பிரவுசர் பக்கத்தில் ஒரு சின்ன பெட்டியில் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். கவனிக்காமல் தாண்டினால் 10 நானோமீட்டர் துகள் 100 ஆகிவிடும், அல்லது ஒன்றாகிவிடும். சாஃப்ட்வேர் முகம் சுளிக்காது. ஃபைலின் தலையில் உள்ள நாலு வரியைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

மடிப்பதற்கு மையம் எது, டிடெக்டர் எவ்வளவு தூரம் என்று சரியாகத் தெரிய வேண்டும். அதற்கு அளவு தெரிந்த ஒரு பொருளை முதலில் வைத்துப் பார்ப்பார்கள். வழக்கமாக வைப்பது சில்வர் பெஹினேட், அடுக்கு இடைவெளி 5.838 நானோமீட்டர். மளிகைக் கடைத் தராசைப் படிக்கல் வைத்துச் சரிபார்ப்பதுபோல. பிரான்ஸில் கிரெனோபிள் நகரில் உள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் மையத்தில் பிறந்த பைஃபாய் என்ற இலவச நிரல் இந்த வேலைக்குப் பெயர் பெற்றது. எங்களுக்கு ஆய்வகமே மடித்துக் கொடுத்துவிட்டது.

கழிப்பதில்தான் எல்லாம்

அடுத்தது கழித்தல். டிடெக்டருக்கு வெள்ளியைத் தெரியாது. வெள்ளி, தண்ணீர், கண்ணாடிக் குழாய், காற்று என்று வழியில் இருந்த எல்லாவற்றிலிருந்தும் சிதறியதை மொத்தமாக எண்ணித் தரும். தேயிலைத் தூளை டப்பாவோடு நிறுத்தால் டப்பா எடையைக் கழிக்கிறோம் இல்லையா, அதேதான். ஆனால் டப்பா எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அவள் தண்ணீர் நிரப்பிய குழாயின் அளவை வைத்திருந்தாள். அதைக் கழித்துவிட்டாள். நான் கேட்டேன்:

"உன் துகள் தண்ணியிலயா மிதக்குது?"

"ஆமா மாமா... இல்ல. இலைச்சாறுல."

இலைச்சாற்றில் பெரிய மூலக்கூறுகள் இருக்கின்றன, அவையும் சிதறும். வெள்ளிக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. எக்ஸ்ரே சிதறுவது எலக்ட்ரான்களால். ஒரே இடத்துக்குள் தண்ணீரைவிட வெள்ளியில் ஏறக்குறைய எட்டு மடங்கு எலக்ட்ரான்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அதனால் வெள்ளியின் குரல் உரத்த குரல். ஆனால் கரைசலில் வெள்ளி மிகவும் கொஞ்சம், சாறு நிறைய. கழிக்க வேண்டியது தண்ணீரை அல்ல; வெள்ளி நைட்ரேட் சேர்க்காமல், அதே இலையில், அதே நேரம் காய்ச்சி வடிகட்டிய சாற்றை. அதை அவள் அனுப்பவே இல்லை. வழிகாட்டியும் சொல்லவில்லை போல.

கழிக்கும்போது ஒன்றுக்கு ஒன்று கழித்தாலும் போதாது. மாதிரி எவ்வளவு எக்ஸ்ரேயைத் தன்னைத் தாண்டிப் போகவிட்டது என்ற கடத்தல் அளவு ஒவ்வொன்றுக்கும் வேறு. இரண்டையும் அதனால் வகுத்த பிறகுதான் கழிக்க வேண்டும். பிரவுசர் சாஃப்ட்வேரில் இதற்குப் பெரும்பாலும் ஒரு ஸ்லைடர் இருக்கும். இழுத்தால் பின்னணி ஏறும், இறங்கும். கண்ணுக்கு அழகாக வரும்வரை அதை இழுப்பது எவ்வளவு சுகம் என்று எனக்குத் தெரியும். இழுத்திருக்கிறேன். அது அளவு ஆகாது.

ஓடிப்போகும் நேர்க்கோடு

சரி, இருப்பதை வைத்துப் பார்ப்போம் என்று அடுத்த கட்டத்துக்குப் போனோம். கினியே சொன்ன எளிய வழி இது. செறிவின் இயல்மடக்கையை நிமிர்ந்த அச்சிலும் க்யூவின் வர்க்கத்தைக் கிடை அச்சிலும் போட்டால், சிறிய க்யூ பக்கம் கிராஃப் நேர்க்கோடாகச் சரியும். சரிவு செங்குத்தாக இருந்தால் துகள் பெரிது. சரிவை மூன்றால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுழற்சி ஆரம் என்ற ஒன்று கிடைக்கும். துகள் உருண்டை என்று நம்பினால் அதை 0.775-ஆல் வகுத்தால் உண்மையான ஆரம்.

பிரவுசரில் இது ஒரு நிமிட வேலை. கிராஃபில் இரண்டு செங்குத்துக் கோடுகள் இருக்கும். எங்கிருந்து எதுவரை நேர்க்கோடு என்று மவுஸால் இழுத்துக் காட்ட வேண்டியதுதான். இவள் க்யூ 0.4 வரை (நானோமீட்டர் கணக்கில்) இழுத்தாள். சுழற்சி ஆரம் 5 நானோமீட்டர் என்று வந்தது. "பத்துக்குப் பக்கமா வந்துடுச்சு மாமா" என்று குதித்தாள்.

ஆனால் கினியேயின் நேர்க்கோட்டுக்கு ஓர் எல்லை உண்டு. க்யூவையும் சுழற்சி ஆரத்தையும் பெருக்கினால் 1.3-ஐத் தாண்டக் கூடாது. 0.4-ஐ 5-ஆல் பெருக்கினால் 2. செல்லாது. 0.26-க்குள் வர வேண்டும். கோட்டை 0.26-க்கு இழுத்தாள். இப்போது ஆரம் 6 ஆகிவிட்டது. 6 என்றால் எல்லை 0.22. அங்கே இழுத்தால் ஆரம் 7. அப்போது எல்லை 0.19. துரத்தத் துரத்த எண் மேலே ஏறிக்கொண்டே போனது, எல்லை கீழே இறங்கிக்கொண்டே போனது. எங்கும் நிற்கவில்லை.

இது சாஃப்ட்வேரின் குறை இல்லை. கரைசலே சொல்லும் சேதி. துகள்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகியிருக்கின்றன. ஒரு துகளின் ஆரம் இரண்டு மடங்கானால் அது சிதறும் செறிவு 64 மடங்காகும், ஆரத்தின் ஆறாம் அடுக்கு. ஆயிரம் சின்னத் துகளுக்கு நடுவில் மூன்று மடங்கு ஆரமுள்ள பத்துப் பெரிய கட்டி இருந்தால்கூட, சிறிய க்யூ பக்கம் அந்தப் பத்தின் சத்தம்தான் கேட்கும். தெருவிளக்கு வளையம் கலைந்து மங்கல் ஒளியானது ஞாபகம் இருக்கிறதா? அதேதான்.

"எத்தன நாள் கழிச்சு அளந்தாங்க?"

"செஞ்சு ரெண்டு வாரம் இருக்கும். கூரியர் லேட்டு."

இப்போது அந்தச் சண்டைக்கு வருவோம். எக்ஸ்.ஆர்.டி. 10.5 நானோமீட்டர் விட்டம் என்றது. சாக்ஸில் சுழற்சி ஆரம் 7 என்று நிறுத்திக்கொண்டாலும் உருண்டையின் விட்டம் 18. எது சரி? இரண்டுமே தாம் அளந்ததைச் சரியாகத்தான் சொல்கின்றன. அளந்தது வேறு வேறு. ஷெரர் கணக்கு, ஒழுங்கு கலையாமல் தொடரும் ஒரு படிகத் துண்டின் அளவைச் சொல்கிறது. சாக்ஸ், வெளி எல்லையை வைத்து முழு உடம்பைச் சொல்கிறது. ஒரு துகளுக்குள் இரண்டு மூன்று படிகத் துண்டுகள் ஒட்டியிருக்கலாம், அல்லது இரண்டு மூன்று துகள்கள் சேர்ந்து கட்டியாகியிருக்கலாம். மலைப்பூண்டில் பல்லை அளந்தவருக்கும் முழுப் பூண்டை அளந்தவருக்கும் எப்படி ஒரே எண் வரும்?

பிரவுசருக்குள் யார் கணக்குப் போடுகிறார்கள்

இவ்வளவு கணக்கையும் ஒரு வலைப்பக்கம் எப்படிப் போடுகிறது? இரண்டு வழி இருக்கிறது, வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

ஒன்று, நம் ஃபைல் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், அங்கே கணக்கு நடந்து, கிராஃப் மட்டும் திரும்பி வருவது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செய்த பி.டி.எஃப். இன் த கிளவுட் இப்படிப்பட்டது. சாக்ஸைப் போலவே இந்த பி.டி.எஃப்.பும் பெயரில் ஏமாற்றும்; ஃபைல் வகை இல்லை, அணு இணைகளின் இடைவெளிப் பரவல். நாலடிக்கு நாலடி நட்ட தேயிலைத் தோட்டத்தில் எந்த இரண்டு செடியை எடுத்தாலும் இடையில் எவ்வளவு தூரம் என்று எல்லா ஜோடிக்கும் அளந்து எண்ணுங்கள். நாலடியில் ஒரு குவியல், மூலைவிட்டத்தில் 5.66 அடியில் ஒன்று, எட்டடியில் ஒன்று. தோட்டம் முடியும் தூரத்துக்கு மேல் ஜோடியே இருக்காது. அணுக்களுக்கும் அப்படித்தான். வெள்ளியில் முதல் குவியல் 0.289 நானோமீட்டரில் வரும், துகளின் விட்டத்தோடு எல்லாம் அடங்கிவிடும். ஒழுங்கு குறைந்த பொருளுக்கும், கண்ணாடிக்கும், மிகச் சிறிய துகளுக்கும் இது பெரிய உதவி. அளந்த பரவலைக் கொடுத்துவிட்டால் அந்தத் தளம் கட்டமைப்புத் தரவுத்தளங்களில் தேடி, பொருந்தக்கூடியவற்றை வரிசைப்படுத்தித் தரும். இப்படிப்பட்ட தேடல் நம் பழைய லேப்டாப்பால் ஆகாது, சர்வர்தான் வேண்டும்.

இன்னொரு வழியில் ஃபைல் எங்கும் போவதில்லை. வலைப்பக்கத்தோடு கணக்கு போடும் நிரலும் நம் கம்ப்யூட்டருக்கு இறங்கி, பிரவுசருக்குள்ளேயே ஓடும். வெப் அசெம்ப்ளி என்ற ஏற்பாடு இதற்கு வழி செய்தது. 2017-இல் முக்கியமான நான்கு பிரவுசர்களுக்கும் வந்தது, 2019 டிசம்பரில் அதிகாரபூர்வ வலைத் தரமானது. அதற்குள் பைத்தான் என்ற நிரல் மொழியையே அப்படியே தூக்கி வைத்த திட்டம் பயோடைடு, 2018-இல் மொசில்லாவில் தொடங்கியது. விஞ்ஞானிகள் எழுதிவைத்திருக்கும் கணக்கு நூலகங்களில் பெரும்பகுதி பைத்தானில் இருப்பதால், பல வருட உழைப்பு திரும்ப எழுதாமலேயே பிரவுசருக்குள் வந்துவிட்டது. அட்மின் பாஸ்வேர்டு வைத்திருந்தவர் எங்கே மாற்றலானால் நமக்கென்ன?

எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி: பக்கம் முழுதாக இறங்கிய பிறகு வைஃபையை அணைத்துவிட்டு ஃபைலைத் திறந்து பாருங்கள். கணக்கு நடந்தால் எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில்தான். இன்னும் வெளியிடாத தரவை வெளியே அனுப்பக்கூடாது என்று வழிகாட்டி சொல்லியிருந்தால் இந்தச் சோதனை அவசியம். மழை நாளில் எங்கள் பக்கம் நெட் இருப்பதும் இல்லாததும் ஒன்று என்பதால் எனக்கு இந்தச் சோதனை தானாகவே நடந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. முதல் தடவை திறக்க நேரம் எடுக்கும். டேபை மூடினால் செய்தது போச்சு. அமைப்புகளோடு சேர்த்து டவுன்லோட் செய்துவைக்க வேண்டும். உள்ளே ஓடும் நிரலுக்குப் பெரும்பாலும் 4 ஜி.பி. நினைவகத்துக்குமேல் கிடைக்காது, மூன்று வரிசை ஃபைலுக்கு அது கடல், சிங்க்ரோட்ரானில் ஒரு ராத்திரி எடுத்த ஆயிரக்கணக்கான படங்களுக்குப் பத்தாது. எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. வலைப்பக்கத்தை நடத்துபவர் ஒரு ராத்திரியில் மாற்றிவிடலாம். தை மாதம் வந்த எண் ஆடியில் வராமல் போனால் தேர்வாளரிடம் என்ன சொல்வது? பக்கத்தின் அடியில் இருக்கும் பதிப்பு எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். முக்கியமான முடிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் சாஸ்வியூ போன்ற இலவச மென்பொருளில் ஒரு தடவை சரிபார்ப்பதும் நல்லது.

மூன்றாம் நாள் அவள் கேட்டாள்: "அப்ப தீசிஸ்ல எந்த நம்பர் மாமா போடுறது?"

எக்ஸ்.ஆர்.டி. எண்ணைப் படிக அளவு என்ற பெயரிலேயே போடலாம், கருவியின் தடிமனைக் கழித்த பிறகு. சாக்ஸ் எண்ணை இப்போதைக்குப் போட வேண்டாம். நிற்காத நேர்க்கோட்டுக்கு எண் கிடையாது. புதிதாகத் துகள் செய்து அன்றைக்கே அளக்கக் கொடுக்க வேண்டும், வெள்ளி போடாத சாற்றையும் கூடவே.

சாற்றை இங்கேயே காய்ச்சி எடுத்துப்போகிறேன் என்றாள். போய்ச் சேர்ந்து அளப்பதற்குள் கெட்டுவிடும் என்பதால் இலையாகவே கொண்டுபோகச் சொன்னேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரம்தான், போன தடவையும் அதில் பறித்ததுதான். மறுநாள் காலை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். பர்லியார் தாண்டி சிக்னல் வந்ததும் மெசேஜ் வந்தது.

"மாமா, சாறு மட்டும் இருக்கிற டியூபுக்கும் கடத்தல் அளவு எடுக்கச் சொல்லணுமா?"

"ஆமா. அதே டியூபுலயே ஊத்தச் சொல்லு."